கோபுரம் இல்லையென்றால் வேதக்கோயில் இல்லையா?

போன மாதம் காரியாபட்டிப் பக்கம் அப்பத்தா ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், வீண் சண்டை வரும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம். நடுவில் நின்றவர் கையில் பெரிய கலர் பிரிண்ட். எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் வரைந்த படம். இரண்டு பக்கமும் வானத்தைக் குத்துகிற இரண்டு கோபுரம், நடுவில் பூப்போட்ட வட்டக் கண்ணாடி ஜன்னல், வாசலில் கிரானைட் படிக்கட்டு, பக்கத்தில் புல்வெளி (எங்கள் ஊரில் புல்வெளி!), ஒரு வெளிநாட்டுக் கார். கீழே “உத்தேச ஆலயம்” என்று தங்கக் கலரில் எழுத்து.

அதாவது இப்போது நிற்கிற பழைய கோயிலை இடித்துவிட்டு அதே இடத்தில் இதைக் கட்டப் போகிறார்களாம்.

“இருக்கிற கோயிலுக்கு என்ன குறை மாமா?” என்று கேட்டேன்.

“இது கோயில் மாதிரியாடா மாப்ளே இருக்கு? கோழிப்பண்ணை மாதிரி இருக்கு. பஸ்ஸுல போறவன் பார்த்தா கோயில்னு தெரிய வேண்டாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஊருக்குத் திரும்பி ஒரு மாதமாகியும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் “கோழிப்பண்ணை” எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீளமான ஒரே கூடம். கனமான சுவர், சுண்ணாம்புப் பூச்சு. மேலே பனங்கைமரம், அதன்மேல் சீமை ஓடு. நீளச் சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும், இரண்டிலும் வரிசையாக ஜன்னல். ஒரு கோடியில் முழங்கால் உயர மேடை, அதில் ஒரு மர மேசை, ஒரு பிரசங்க பீடம். பலிபீடம் கிடையாது, சிலை கிடையாது, கலர் கண்ணாடி கிடையாது. மணிக்கூண்டும் கிடையாது, வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. சுவரில் ஓரிடம் மட்டும் கறுப்பாக இருக்கும். அது கரும்பலகை. வாரத்தில் ஐந்து நாள் அது பள்ளிக்கூடமாக இருந்த காலத்தின் மிச்சம். என் அப்பத்தா ‘அ’னா எழுதியது அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

இதைப் பார்த்து “காசில்லாமல் ஏனோதானோவென்று கட்டியது” என்கிறார்கள். காசில்லை என்பது உண்மை. ஏனோதானோ என்பது பொய். அந்தக் கூடத்தில் இல்லாத ஒவ்வொன்றும் ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு சண்டையும் ஒரு கொள்கையும் இருக்கின்றன.

கொஞ்சம் வரலாறு. தூங்கிவிடாதீர்கள்.

சி.எஸ்.ஐ. என்றதும் பலர் அதை இங்கிலாந்து ராஜா ராணியின் சபை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது ஆங்கிலிக்கன்கள் மட்டும் சேரவில்லை. மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள். தென்னிந்திய ஐக்கிய சபை என்று ஒன்றும் சேர்ந்தது. அந்த ஐக்கிய சபை 1908இல் காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் கலந்து உண்டானது. மதுரை ராமநாதபுரம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் அந்த வழியாக வந்தவை.

அதற்கும் முன்னால் போனால் அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தவர்கள். அங்கே அவர்கள் 1816 முதல் இருந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று டச்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய கோயில்களில்தான் வேலையை ஆரம்பித்தார்கள். டச்சுச் சபையும் மூப்பர்கள் நடத்துகிற சீர்திருத்த சபைதான். இவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டில் காங்கிரிகேஷனல்காரர்களோடு பிரஸ்பிட்டேரியன்களும் கூட்டாளிகள். 1870 வரை பிரஸ்பிட்டேரியன்களில் ஒரு பெரும் பிரிவு அந்தக் கூட்டில் இருந்தது. எங்கள் வேதக்கோயிலுக்கு அப்பா காங்கிரிகேஷனல் என்றால் சித்தப்பா பிரஸ்பிட்டேரியன்!

பசுமலையில் 1845 முதல் இவர்களுடைய செமினரி நடந்தது. எங்கள் கரிசல் காட்டுக்கு மண்டபசாலை ஒரு தலைமை நிலையம். 1850களில் ஹொரேஸ் டெய்லர் என்ற மிஷனரி அங்கே இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குப் போய்வந்தார். திருச்சுழியில் 1879இல் பிறந்த ஒரு பையன் மதுரைக்குப் போய் இவர்களுடைய அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தான் என்றால் நம்புவீர்களா? 1896இல் படிப்பை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். ரமண மகரிஷியேதான். இந்தப் பக்கத்துச் சரித்திரத்தில் அமெரிக்கன் மிஷனைத் தொடாமல் நாலு எட்டு வைக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

நிற்க. பிரஸ்பிட்டேரியன் என்ற வார்த்தை வாயில் நுழையவில்லை என்று விட்டுவிடாதீர்கள், பொருள் நமக்கு ரொம்பப் பழக்கமானது. கிரேக்கத்தில் பிரஸ்பிட்டரோஸ் என்றால் மூப்பர். தமிழ் பைபிளில் வருகிற அதே மூப்பர். பிஷப் மேலிருந்து ஆளாமல், சபை தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடிப் பேசி நடத்துவது பிரஸ்பிட்டேரியன் முறை. மூப்பரும் வேண்டாம், சபை மொத்தமும் உட்கார்ந்து முடிவெடுக்கட்டும் என்பது காங்கிரிகேஷனல் முறை. இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று: கோயில் என்பது கடவுள் குடியிருக்கிற வீடு இல்லை, மனிதர்கள் கூடி வசனத்தைக் கேட்கிற இடம். கடவுளுக்குத் தனியாக ஒரு ரூம் ஒதுக்காதே என்றார்கள். கர்ப்பக்கிரகம் மாதிரி ஓர் உள்ளிடம் வேண்டாம், சாமியார் மட்டும் போகிற கம்பித்தடுப்பு வேண்டாம். ஒரு மேசை போதும், ஒரு பீடம் போதும். எல்லோருக்கும் காது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கூடத்தை மறுபடி பாருங்கள். அது ஏன் அவ்வளவு நீளத்தோடு நிற்கிறது? மைக் இல்லாத காலத்தில் ஒருவர் தொண்டை எட்டுகிற தூரம் அவ்வளவுதான். ஏன் அத்தனை ஜன்னல்? ஞாயிறு வெளிச்சத்தில் பைபிள் படிக்கணும், திங்கள் வெளிச்சத்தில் பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுதணும். ஏன் உள்ளே ஒரு தூணும் இல்லை? பிரசங்கியாரை மறைக்கக்கூடாது. ஏன் தரையில் பாய்? பெஞ்சு போட்டால் யார் முன் பெஞ்சு, யார் பின் பெஞ்சு என்று ஆரம்பித்துவிடும்.

கடைசி வரியைச் சும்மா எழுதவில்லை. இது எந்த ஊர் என்று யோசியுங்கள். எங்களுக்குப் பக்கத்திலிருக்கிற கமுதியில் 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்து, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசிக் கொள்ளை. ஒரு கட்டடத்துக்குள் யார் எதுவரை போகலாம் என்பதற்காக ரத்தம் சிந்திய வட்டாரம் இது.

கிறிஸ்தவர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலை ஒரு பேன்ட் மாதிரி இரண்டு காலாகக் கட்டினார்கள். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் இன்னொரு சாதி, நடுவில் சுவர். அந்தச் சுவர் போக 1910 ஆயிற்று. எங்கள் அமெரிக்கன் மிஷனிலும் சாதி உள்ளே வந்து உட்கார்ந்துதான் இருந்தது. 1847இல் சாதியை விட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று மிஷன் பிடிவாதமாக நிற்க, உபதேசியார்கள் உட்பட நிறையப் பேர் வெளியே போனார்கள். சாதி அதோடு ஒழிந்ததா? எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. கட்டடம் சாதிக்கு ஒத்தாசை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். வடக்கன்குளத்துக் கட்டடம் ஒத்தாசை செய்தது. எங்கள் ஒற்றைக் கூடம் செய்ய மறுத்தது. ஒரே தரை, ஒரே கூரை, ஒரே ஓசை. தாது வருஷப் பஞ்சத்திலும் (1876–78) அதற்குப் பின்னாலும் வேதத்துக்கு வந்த நாடார்களும் தலித் மக்களும் தங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொதுக் கட்டடத்தின் முன்வரிசை வரை நடந்துபோனது இப்படிப்பட்ட கூடங்களில்தான். அவர்கள் பிள்ளைகள் முதலில் எழுத்தைத் தொட்டதும் இங்கேதான். “கஞ்சிக்கு மதம் மாறினவங்க” என்று கேலி பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து அந்தக் கறுப்புச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்படி ஒரு சுவரை உடைத்துவிட்டு என்ன கட்டப் போகிறோம்? கோதிக்.

கோதிக் மேல் எனக்குக் கோபமில்லை. கால்டுவெல் இடையன்குடியில் கட்டின கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1847இல் ஆரம்பித்து 1880இல் முடித்தார்கள், முப்பது வருஷத்துக்கு மேல். அது கல்லும் சுண்ணாம்புமாகப் பொறுமையாகக் கட்டியது. தவிர, கால்டுவெல் ஆங்கிலிக்கன். அந்தக் காலத்து ஆங்கிலிக்கன்களுக்குக் கூர்நுனி வளைவு ஒரு வேத விஷயம் மாதிரி. எங்களை அனுப்பியவர்களின் தாத்தாக்கள் அமெரிக்காவில் கட்டியது கூட்ட வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாளில் ஊர்ப் பஞ்சாயத்து, இரண்டும் அதே கூடத்தில். (பிற்பாடு அவர்களும் கோபுரம், கோதிக் என்று இறங்கியது தனிக்கதை.) நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பரம்பரையின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு, தாத்தாவின் தலைப்பாகையைக் குப்பையில் போடுகிறோம்.

பிரஸ்பிட்டேரியன் என்றால் கோபுரமே கூடாதா என்று கேட்டால், அப்படியும் இல்லை. சென்னை எழும்பூரில் புனித ஆண்ட்ரூஸ் கிர்க் இருக்கிறது. 1821இல் கம்பெனியின் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது. கோபுரம் உயரம்தான், தூண்களும் பிரமாண்டம்தான். ஆனால் உள்ளே போனால் வட்டமான மண்டபம், எல்லோரும் பிரசங்க பீடத்தைச் சுற்றி உட்காருகிற மாதிரி. அஸ்திவாரம் இன்னும் சுவாரஸ்யம். அந்த இடத்து மண் இளகினது. கட்டின டி ஹாவிலண்ட் என்ன செய்தார்? நம் ஊர்ப் பழக்கப்படி மண்ணுக்குள் கிணறு கிணறாக இறக்கி, அதன்மேல் கோயிலை நிறுத்தினார். வெள்ளைக்காரக் கம்பெனியின் இன்ஜினீயரே உள்ளூர் மண்ணைக் கேட்டுத்தான் கட்டினார்.

நாம் கேட்கிறோமா? நான் சிவில் படிக்கிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் வாத்தியார்கள் மன்னிக்க மாட்டார்கள். எங்கள் ஊர் கரிசல் மண். மழையில் ஊதும், கோடையில் கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு வெடிக்கும். இந்த மண்ணில் தாழ்வான கூடம் ஒன்று சுண்ணாம்புச் சாந்தில் நின்றால், மண் அசையும்போது அதுவும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். சுண்ணாம்புக்கு இன்னொரு குணம். மயிரிழை விரிசல் விழுந்தால் ஈரத்தில் கரைந்து, திரும்ப இறுகி, தானே ஓரளவு மூடிக்கொள்ளும். சிமெண்டுக்கு அந்த இளக்கம் கிடையாது. கரிசலில் இரட்டைக் கோபுரம் நிறுத்த வேண்டுமென்றால் மண் பரிசோதனை, ஆழமான பைல் அஸ்திவாரம் என்று செலவு பூமிக்குள்ளேயே போய்விடும். அந்தக் கலர் பிரிண்டில் பூமிக்குக் கீழே ஒன்றும் வரையவில்லை, புல்வெளிதான் வரைந்திருந்தார்கள்.

அந்தக் கூர்நுனி ஜன்னல்கள்? உண்மையான கோதிக்கில் அந்த வளைவுதான் மேலிருக்கிற பாரத்தைத் தாங்கும். நம் ஊரில் மேலே நேரான கான்கிரீட் லின்டல் போட்டுவிட்டு, அதன் கீழே சிமெண்டால் வளைவு மாதிரி பூசுவார்கள். வேலை செய்வது லின்டல். வளைவுக்குச் சும்மா நிற்கிறதுதான் வேலை. கல்யாண மண்டபத்து தெர்மாகோல் டிசைனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது விளக்குங்கள்.

சரி, மாமா தரப்பு வாதங்களையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

ஒன்று, “ஓடு ஒழுகுது.” ஒழுகுகிறதுதான். உடைந்த ஓட்டை மாற்றினால் நின்றுவிடும். இந்த ஓட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை போட்டுச் செய்ய ஆரம்பித்த ஜாதி ஓடு இது. அவர்களும் சீர்திருத்த சபையும் லூத்தரனும் கலந்த கூட்டம். வேதக்காரர்கள் சுட்ட ஓட்டை வேதக்கோயிலே வேண்டாம் என்கிறது! ஒழுகுவதற்கு உண்மையான காரணம் வேறு. சில வருஷம் முன்னால் “மராமத்து” என்று சொல்லிச் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. கைமரம் சுவரில் உட்காருகிற இடத்தில் உளுக்க ஆரம்பித்திருக்கிறது. கட்டடத்துக்கு வயசானதால் வந்த நோய் இல்லை இது. தப்பு மருந்து கொடுத்ததால் வந்தது.

இரண்டு, “கூட்டம் பத்தலை.” கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் பத்தாது, நிஜம். மற்ற ஞாயிறுகளில் எண்ணிப் பார்த்தால் பாதிக் கூடம் காலி, இளவட்டம் எல்லாம் திருப்பூரிலும் சென்னையிலும். வருஷத்தில் இரண்டு நாளுக்கு வெளியே பந்தல் போட்டால் ஆகாதா? வேப்பமரம் வேறு இருக்கிறது.

மூன்று, “வெயில், புழுக்கம்.” இதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்கும். ஓட்டுக் கூரையில் சூடு இடுக்கு வழியாக மேலே போய்விடும். நீளச் சுவர்கள் வடக்கு தெற்காக இருப்பதால் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குட்டைச் சுவர்களில் மட்டும்தான் அடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஏசி கம்பெனி தேவைப்படவில்லை, நம்மூர்க் கொத்தனார் போதுமாயிருந்தது.

நான்கு, “வெள்ளைக்காரன் கட்டினதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?” இது கொஞ்சம் கனமான கேள்வி. ஆனால் யார் கட்டியது? பணத்தில் ஒரு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம். பனை நம்முடையது, சுண்ணாம்பு நம்முடையது, கொத்தனார் நம்மவர், சுமந்தவர்கள் நம் பாட்டிகள். அசல் வெள்ளைக்கார வேஷம் எது தெரியுமா? அந்தக் கலர் பிரிண்ட்!

ஐந்தாவது வாதம் ஒன்று உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: “பக்கத்து ஊர்ச் சபை கோபுரம் கட்டிடுச்சு.” இதுதான் மெய்யான காரணம். இதற்கு இன்ஜினீயரிங்கில் பதில் கிடையாது. ஆனால் அந்த ஆசையைக் கேவலமாகவும் பேச மாட்டேன். முன்னூறு நானூறு வருஷம் “உனக்குக் கோபுரம் கிடையாது, தள்ளி நில்லு” என்று சொல்லப்பட்ட ஜனங்களுக்குத் தானும் ஒரு கோபுரம் கட்டிப் பார்க்கணும் என்று தோன்றுவது நியாயம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு “எளிமையே அழகு” என்று அவர்களுக்கு வகுப்பெடுக்க நான் யார்? அதனால் கோபுரம் கட்டாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் இடம் இருக்கிறது, பணம் சேர்ந்ததும் மண் பரிசோதனை செய்து அங்கே கட்டுங்கள். பழைய கூடத்தை இடித்துத்தான் கட்டணும் என்று எந்த வசனத்தில் இருக்கிறது?

கூடத்தை என்ன செய்வதாம்? சிமெண்ட் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசி, உளுத்த கைமரங்களையும் உடைந்த ஓடுகளையும் மட்டும் மாற்றினால் ஓய்வுநாள் பள்ளி நடத்தலாம், சாயங்கால டியூஷன் வைக்கலாம், பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பத்திரமாக வைக்கலாம். எங்கள் பாட்டன்மார் பெயர் வேறு எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை, அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

பாரம்பரியம் பாரம்பரியம் என்று பேசுகிற நகரத்து அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கல்வெட்டு வேண்டும், இல்லையென்றால் கலர் கண்ணாடி வேண்டும். ஏழைகள் கட்டின ஒரு கூடம் உங்கள் கேமராவுக்குள் விழாது. அதனால்தான் அதைக் “கோழிப்பண்ணை” என்று சொந்தக்காரர்களே சிரிக்கிற நிலை வந்தது. அந்தச் சிரிப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு.

கடைசியாக, எனக்கு நெஞ்சை அடைத்த விஷயம். அன்று மத்தியானம் அப்பத்தாவிடம் கேட்டேன், “கோயிலை இடிக்கப் போறாங்களாமே, உனக்குத் தெரியுமா?”

“பேசிக்கிட்டாங்க. என்னய யாரு கேட்டா?”

அவ்வளவுதான் சொன்னது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டது.

எழுபது வருஷமாக அந்தத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்த மனுஷி. மூப்பர் முறை, சபை முறை என்று மேலே இவ்வளவு எழுதினேனே, அந்தப் பரம்பரையில் பிஷப்பானாலும் பணக்காரரானாலும் சபையைக் கேட்காமல் ஒரு ஓட்டைக்கூட நகர்த்தக்கூடாது. எல்லோர் காதிலும் விழவேண்டும் என்பதற்காகவே கட்டிய ஒரு கூடம். அதை இடிப்பது பற்றி மட்டும் நாலு பேர் மரத்தடியில் குசுகுசுவென்று பேசி முடிக்கிறார்கள். கோபுரம் வருவதைவிட எனக்கு இதுதான் பெரிய தப்பாகத் தெரிகிறது. சபைக் கூட்டம் போடுங்கள். பெண்களையும் உட்காரவைத்து, இரண்டு பக்கச் செலவுக் கணக்கையும் படித்துக் காட்டி, கை தூக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இடிக்கலாம் என்றே சபை சொன்னால் வாயை மூடிக்கொள்கிறேன். அதுவும் அந்தக் கூடத்துக்குள்ளேயே நடக்கட்டும், மைக் வேண்டாம். எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும்.

பி.கு: அடுத்த ஞாயிறு டேப், கிராஃப் பேப்பர், கேமராவோடு போய்க் கூடத்தை முழுசாக அளந்து வரைந்து வைக்கப் போகிறேன். இடித்தாலும் இடிக்காவிட்டாலும் ஒரு படமாவது மிஞ்சட்டும். வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் வந்தால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் ஆச்சு. சாப்பாடு அப்பத்தா பொறுப்பு. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை பஸ் ஏறினால் காரியாபட்டியில் இறங்கலாம், அங்கிருந்து நான் கூட்டிப்போகிறேன்.